ஜெர்மனிக்கு ஆர்டர் வந்துவிட்டது: காரைக் கப்பலில் ஏற்றுவதா, விற்பதா?

தம்பி, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் உங்களுக்கு, டெக்சாஸிலிருந்து ஜெர்மனியின் கிராஃபென்வோர் முகாமுக்கு இடமாற்ற ஆர்டர் வந்திருக்கிறது. மனைவி, இரண்டு வயதுக் குழந்தையோடு மூன்று வருடம். வீட்டில் இரண்டு வண்டி. ஒன்று 2016 டொயோட்டா கேம்ரி, கடன் முடிந்துவிட்டது. இன்னொன்று 2022 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். இதில் இன்னும் 27,000 டாலர் கடன் பாக்கி, மாதத் தவணை 640 டாலர். ராணுவம் ஒரு வண்டியை இலவசமாக அனுப்பித் தரும் என்றால் விலை கூடியதைத்தானே அனுப்பவேண்டும், அல்லது இரண்டையும் விற்றுவிட்டு அங்கே போய் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி.

கேம்ரியை ஏற்றுங்கள். பிக்கப்பைக் கிளம்புவதற்கு முன்பே விற்றுவிடுங்கள், கையிலிருந்து கொஞ்சம் காசு போட்டுக் கடனை அடைக்கவேண்டி வந்தாலும் சரி. இதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

நான் மேவ்னி திட்டத்தில், அதாவது குடியுரிமை இல்லாதவர்களை அவர்களுடைய மொழி, மருத்துவத் திறனுக்காக அமெரிக்கப் படையில் எடுத்துக்கொண்ட திட்டத்தில் சேர்ந்தவன். 2008 கடைசியில் அறிவித்த திட்டம் அது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சேர்ந்த பிறகு ஜெர்மனியில் ஒரு முறையும் ஜப்பானில் ஒரு முறையும் குடும்பத்தோடு இருந்தேன். ஜெர்மனிக்கு என் காரை ஏற்றினேன், ஜப்பானுக்கு ஏற்றவில்லை. இரண்டு முடிவும் நல்லபடியாகவே அமைந்தன. ஆனால் ஜெர்மனிக்கு ஏற்றியபோது நான் யோசித்த முறை தவறு. 'சும்மா கிடைக்கிறதே, அனுப்பிவிடுவோம்' என்பது மட்டும்தான் அன்று என் மனதில் இருந்தது. அந்த இலவசத்தைப் பார்த்து, தகாத வண்டியை ஏற்றிவிட்டு மூன்று வருடம் சிரமப்பட்ட நண்பர்களைப் பிறகு பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கப்பல் கூலி என்பது இந்தக் கணக்கில் ஆகச் சின்னத் தொகை. பெரிய தொகைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மூன்று வருடத்தில் வண்டியின் விலை எவ்வளவு இறங்கும், மாதத் தவணை, இன்ஷூரன்ஸ், அந்த நாட்டுச் சோதனையில் தேற ஆகும் செலவு, உதிரிபாகம் கிடைக்குமா, திரும்பி வரும்போது வண்டியை என்ன செய்வீர்கள். இவற்றோடு, வண்டி கடலில் இருக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம் குழந்தையை வைத்துக்கொண்டு எதில் போய்வருவீர்கள் என்பதும் இருக்கிறது. கூலி இலவசம் என்பதால் இவற்றில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

முதலில் பிக்கப்பைப் பார்ப்போம். ராணுவம் தன் செலவில் அனுப்பும் வண்டிக்கு ஓர் அளவு வரம்பு இருக்கிறது: 20 அளவு டன், அதாவது 800 கன அடி. எடை கணக்கில் வராது, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வரும் கன அளவுதான் கணக்கு. உங்களுடையது நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால் நீளம் 231.7 அங்குலம், அகலம் 79.9, உயரம் 77 அளவில் இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 825 கன அடி வரும். வரம்பைத் தாண்டிய பகுதிக்கான செலவு உங்கள் தலையில்தான் விழும். மேலே கேரியரோ பெரிய டயரோ போட்டிருந்தால் இன்னும் கூடும். உங்கள் கேம்ரி 460 கன அடிகூட வராது.

சரி, அந்தச் சின்னக் கூடுதலைக் கட்டிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் இறங்கிய பிறகுதான் உண்மையான சிரமம். எஃப்-150-யின் அகலம் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமலே 2.03 மீட்டர், சேர்த்தால் 2.4 மீட்டருக்கு மேல். ஆட்டோபான் என்னும் ஜெர்மன் நெடுஞ்சாலையில் சாலை வேலை நடக்கும் இடங்களில் இடது தடத்துக்கு 2 மீட்டர் அல்லது 2.1 மீட்டர் என்று பலகை வைத்திருப்பார்கள், பக்கக் கண்ணாடியையும் சேர்த்து. கேம்ரிக்கே அது நெருக்கம்தான். பிக்கப் என்றால் கோடை முழுக்க லாரிகளுக்குப் பின்னால் வலது தடத்திலேயே ஊர்ந்து போகவேண்டும். நகரத்து அடித்தளப் பார்க்கிங்கில் நுழையும் வளைவிலேயே வியர்த்துவிடும். கிராஃபென்வோரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு எடுப்பீர்கள். அங்கே பல வீடுகளில் கராஜ் சிறிய காருக்குக் கட்டியது. பிக்கப் தெருவில்தான் நிற்கும்.

ஃபோர்டு அந்த வண்டியை ஜெர்மனியில் தன் விற்பனை மையங்கள் வழியாக விற்பதில்லை. அதனால் உதிரிபாகம் என்றாலும், அதைப் பழக்கமாகக் கழற்றிப் பூட்டும் மெக்கானிக் என்றாலும், முகாமுக்குள் இருக்கும் ஒர்க்‌ஷாப்பை நம்பித்தான் இருக்கவேண்டும். குளிர்காலத்தில் பனி, உறைபனி உள்ள சாலையில் ஓட்ட மலையும் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயர் கட்டாயம். பக்கத்தில் 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் போட்டிருக்கும் டயர் 2024 அக்டோபரிலிருந்து செல்லாது. பிக்கப் அளவில் அந்த டயரைத் தேடிப் பிடித்து நான்கு வாங்கினால் ஒரு மாதத் தவணைக்கு மேலேயே போய்விடும்.

பெட்ரோலுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜெர்மனிக்குள் ராணுவத்தினருக்கு வரியில்லாத பெட்ரோல் ரேஷன் அட்டை வழியாகக் கிடைக்கும், அதனால் பெரிய வண்டியும் கட்டுப்படியாகும் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அந்த ரேஷனுக்கு மாத வரம்பு உண்டு, அது ஜெர்மனிக்குள் மட்டும்தான். கிராஃபென்வோரிலிருந்து பிராக் சில மணி நேரப் பயணம். எல்லையைத் தாண்டியதும் ஊர் விலைக்குத்தான் அடிக்கவேண்டும். மூன்று வருடம் ஐரோப்பாவில் இருக்கப்போகிறவர் வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

கடன் இருப்பதில் இன்னொரு சிக்கல். கடன் கொடுத்த வங்கி, வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சம்மதம் என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் வண்டியை வாங்கமாட்டார்கள். எல்லா வங்கியும் கொடுப்பதில்லை, கொடுக்கிற வங்கியும் வாரக்கணக்கில் இழுக்கும். நீங்கள் எந்த வண்டியை ஏற்ற முடிவு செய்தாலும், கடன் இருந்தால் முதல் நாளே செய்யவேண்டிய தொலைபேசி அழைப்பு இதுதான். குத்தகையில் எடுத்த காராக இருந்தால் வழி வேறு: உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு இடமாற்ற ஆர்டர் வந்தவர்கள் அந்தக் குத்தகையை அபராதமில்லாமல் முடித்துக்கொள்ளப் படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கு இது பொருந்தாது, படிக்கிற வேறு யாருக்காவது பொருந்தலாம்.

பிக்கப்பை ஊரிலேயே நிறுத்திவைத்துவிட்டுப் போகலாமா என்று அடுத்த கேள்வி வரும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நீங்கள் போகும் நாடு காரை அனுமதிக்காவிட்டால், அல்லது உள்ளே விடப் பெரிய மாற்றங்கள் செய்யச் சொன்னால், அப்போதுதான் ராணுவம் தன் செலவில் வண்டியைப் பத்திரமாக நிறுத்திவைக்கும். ஜெர்மனி அனுமதிக்கிற நாடு. அதனால் நிறுத்திவைக்கும் வாடகை உங்களுடையது. கடன் இருப்பதால் முழு இன்ஷூரன்ஸை நிறுத்தவும் வங்கி சம்மதிக்காது. 640 டாலரை 36 மாதத்தால் பெருக்கினால் 23,040 டாலர். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு மூன்று வருடத்தில் நீங்கள் கட்டப்போகும் தவணை அது. திரும்பி வரும்போது அது வயதான வண்டி, ஓடவே இல்லாவிட்டாலும் விலை இறங்கித்தான் இருக்கும். இன்று விற்றால் கடனை விட இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் குறைவாகத்தான் வருகிறது என்றாலும் அதைக் கட்டிவிட்டு விடுபடுங்கள். வலிக்கும். ஒருமுறை வலித்தால் போதும்.

இனி கேம்ரி. ஜெர்மனிக்கு ஏற்றுவதற்கு நான் யாருக்குச் சொன்னாலும் இப்படிப்பட்ட வண்டியைத்தான் சொல்வேன்: நடுத்தர அளவு, கடன் இல்லை, எங்கே கீறல் விழுந்தாலும் நெஞ்சு பதறாத விலை. உங்களுடையதற்கு இன்னொரு நல்ல குணம் இருக்கிறது, நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள். அது டெக்சாஸில் ஓடிய வண்டி. வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். பத்து வருட வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும். ஜெர்மனியில் பதிவு செய்வதற்கு முன் ராணுவத்தின் சோதனை மையத்தில் வண்டியைத் தூக்கி அடியில் பார்ப்பார்கள். துரு, பிரேக், சஸ்பென்ஷன், விளக்கு எல்லாம் கறாராகப் பார்ப்பார்கள். அங்கே அடிபடும் பழைய வண்டிகளில் பல, துருவால் அடிபடுபவை. உங்கள் வண்டி அந்த விஷயத்தில் தப்பிக்கும்.

ஆனால் அதே டெக்சாஸால் ஒரு பாதகமும் உண்டு. வெயிலுக்காக முன் கதவுக் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டியிருப்பீர்கள். ஜெர்மனியில் ஓட்டுநர் பக்கமும் அவருக்கு அருகில் உள்ள பக்கமும் அப்படி ஒட்டக்கூடாது. இங்கேயே கடையில் கொடுத்து எடுத்துவிடுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் அதை அங்கே போய் ஹேர் டிரையரால் சூடாக்கிப் பிளேடால் சுரண்டி எடுத்தார், இரண்டு நாள் ஆனது.

உதிரிபாகம் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். கேம்ரி 2004-லிருந்து 2019 வரை மேற்கு ஐரோப்பாவில் விற்பனையிலேயே இல்லை. 2019-இல் திரும்பி வந்ததும் ஹைபிரிட் மட்டும்தான். ஆகவே உங்கள் 2016 பெட்ரோல் வண்டிக்கான பொருள் ஜெர்மன் டொயோட்டா கடையில் அலமாரியில் இருக்காது. ராணுவத் தபால் முகவரிக்கு அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம், 70 பவுண்டுக்குள், நீளமும் சுற்றளவும் சேர்ந்து 130 அங்குலத்துக்குள் இருந்தால். பேட்டரி, ஏர்பேக் போன்றவை அதில் வராது. அதனால் ஏற்றுவதற்கு முன் இங்கேயே செலவு செய்துவிடுங்கள்: பிரேக் பேட், டிஸ்க், பேட்டரி, வைப்பர், தேய்ந்த புஷ். எல்லாவற்றையும் மாற்றி ஒரு முழு சர்வீஸ் போட்டு அனுப்பினால் மூன்று வருடம் எண்ணெய் மாற்றுவதோடு ஓட்டிவிடலாம். முகாமுக்குள் லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கும் பட்டறை இருக்கும். கையில் கொஞ்சம் வேலை தெரிந்தால் அது பெரிய வரம். அமெரிக்க நிறுவனங்களின் வாரண்டி வெளிநாட்டில் பெரும்பாலும் செல்லாது. உங்கள் வண்டிக்கு வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும் என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க சார்ஜிங் பிளக்கும் ஐரோப்பியப் பிளக்கும் வேறு. வீட்டில் மெதுவாக ஏற்றிக்கொள்ள அடாப்டர் வழி உண்டு. நெடுஞ்சாலையில் வேக சார்ஜருக்குத்தான் திண்டாட்டம். மின்சார கார் ஒன்றையே நம்பி ஜெர்மனிக்குப் போகாதீர்கள்.

இரண்டையும் விற்றுவிட்டு அங்கே வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். மோசமான யோசனை இல்லை. முகாமில் கிளம்பிப் போகிறவர்கள் தங்கள் வண்டிகளை 'லெமன் லாட்' என்று சொல்லும் திடலில் நிறுத்தி விற்பார்கள். கோடையில் எல்லோரும் இடம் மாறும் நேரம், நல்ல வண்டியும் வரும், கழிசடையும் வரும். வெளியே ஜெர்மன்காரரிடமும் வாங்கலாம், புதிதாக வாங்கினால் 19 சதவீத வரியில்லாமலும் வாங்கலாம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பியத் தரத்தில் செய்த காரை நீங்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதியின்படி அது 25 வருடம் பழையதாக இருக்கவேண்டும். 'ஜெர்மனியில் மலிவாக ஒரு பிஎம்டபிள்யூ வாங்கி, திரும்பும்போது ராணுவச் செலவில் ஏற்றிவிடலாம்' என்று கனவு காண்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ராணுவத்தினருக்கான விற்பனைத் திட்டத்தில் அமெரிக்கத் தரத்தில் செய்ததை ஆர்டர் கொடுத்து வாங்கினால் முடியும், தெருமுனைக் கடையில் வாங்கியதை முடியாது. கதவைத் திறந்தால் விளிம்பில் ஒட்டியிருக்கும் தரச் சான்று ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

விற்பதிலும் அப்படித்தான். வரியில்லாமல் கொண்டுவந்த காரை இன்னொரு ராணுவ அடையாள அட்டைக்காரருக்குத் தாராளமாக விற்கலாம். ஊர்க்காரருக்கு விற்கவேண்டும் என்றால் சுங்க வரி, 19 சதவீத விற்பனை வரி, ஜெர்மன் தரத்துக்கு மாற்றும் செலவு எல்லாம் குறுக்கே வரும். யாருக்கும் விற்காமல் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வரவும் முடியாது. அது உங்கள் பெயரிலிருந்து நீங்கினால்தான் முகாமிலிருந்து உங்களை விடுவிப்பார்கள். கேம்ரியில் இந்தக் கவலை கிடையாது, அமெரிக்க வண்டி, திரும்பவும் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது புதிதாக வந்திறங்கும் ஒரு குடும்பத்துக்கு விற்கலாம். நம்பகமான பழைய டொயோட்டாவுக்கு அங்கே ஆள் கிடைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த இரண்டு மாதம். நீங்கள் ஒப்படைக்கும் நாளிலிருந்து கிராஃபென்வோர் வாகன மையத்தில் சாவி கைக்கு வரும் நாள் வரை ஏறக்குறைய எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் இன்னும் கூடும். உள்நாட்டு மையத்திலிருந்து துறைமுகம், அங்கே கப்பல் வரும்வரை காத்திருப்பு, கடல், மறுகரையில் சோதனை, அப்புறம் லாரியில் தெற்கே பவேரியா வரை. கப்பல் ஓடும் நாளை விட நிற்கும் நாள்தான் அதிகம். 2014 கோடையில் இந்தப் பணிக்கான ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது ஆயிரக்கணக்கான வண்டிகள் தாமதமாகி, குடும்பங்கள் மாதக்கணக்கில் வண்டி இல்லாமல் தவித்தன. அவ்வளவு மோசம் மறுபடி வராது என்று நம்பலாம், ஆனால் ஒப்படைக்கும்போது தாளில் எழுதித் தரும் தேதியை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். அந்தத் தேதி தாண்டினால் வாடகைக் காருக்கு ராணுவம் காசு தரும். நாளுக்கு 30 டாலர், 7 நாள் என்பதுதான் வெகுகாலமாக இருந்த வரம்பு. அதற்கு மேல் ஆகும் செலவை ஒப்பந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்கவேண்டும், ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த இடைவெளியைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. ஆர்டர் கையில் வந்ததும் கேம்ரியைச் சீக்கிரமாகவே ஒப்படைத்துவிட்டு, பிக்கப்பைக் கடைசி வாரம் வரை ஓட்டி, பிறகு விற்பது ஒன்று. உங்களிடம் இரண்டு வண்டி இருப்பதன் ஒரே லாபம் இதுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு வாரம் முன்பே கேம்ரி கிளம்பிவிட்டால், நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் அது வந்துவிடும். ஜெர்மனியில் ஓட்டத் தனியாக ராணுவத்தின் ஓட்டுநர் உரிமம் எடுக்கவேண்டும், எழுத்துத் தேர்வு உண்டு. அந்த வாரங்கள் அதற்குச் சரியாக இருக்கும். பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்ற விதியை நன்றாகப் படியுங்கள், நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது அதில்தான்.

இரண்டாவது வழி, உங்களுக்கு முன்பே அங்கே இருக்கும் யூனிட்டில் உங்களை வரவேற்க ஒதுக்கிய ஆளிடம் கேட்டு ஒரு பழைய வண்டியை இரண்டாயிரம் டாலருக்குள் வாங்கிவிடுவது. கிராஃபென்வோரில் இருக்கும் டவர் பாரக்ஸும் வில்செக்கில் இருக்கும் ரோஸ் பாரக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல். வேலை ஒன்றில், வீடு ஒரு கிராமத்தில், குழந்தையின் டாக்டர் இன்னொன்றில் என்று அமைந்தால் வீட்டில் இரண்டாவது வண்டி எப்படியும் தேவைப்படும். அதை இங்கிருந்து காசு கட்டி ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அங்கே வாங்குங்கள், கிளம்பும்போது அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். வண்டியைப் பளபளவென்று கழுவி, எட்டு மணிக்கே போய் நின்றேன். சேசிஸ் எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தவர் ஒரு பாதுகாப்பு ரீகால் பாக்கி இருக்கிறது, எடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டார். கடிதம் மாதங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது, நான்தான் மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன். டீலரிடம் பாகம் வரப் பத்து நாள். விமானச் சீட்டு ஒன்பதாம் நாள். கடைசியில் நண்பர் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பறந்தேன், அவர்தான் ஒப்படைத்தார். ஆகவே முதலில் ரீகாலைப் பாருங்கள்.

மற்றவை எளிது. டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இருக்கக்கூடாது. உள்ளே ஸ்டெப்னி, ஜாக்கி, டயர் கழற்றும் சாமான், குழந்தை சீட் போன்றவை தவிர வேறு சாமான் வைக்கக்கூடாது. 'ஒரு மூட்டை அரிசிதானே' என்று டிக்கியில் போடாதீர்கள். அடிப்பாகத்தில் மண் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அதனால் அடியையும் கழுவுங்கள். முன் கண்ணாடியில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆர்டர், அடையாள அட்டை, வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டில், பதிவுச் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும்.

அப்புறம் படம். வண்டியைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும், கூரை, பம்பரின் அடி, உள்ளே ஓடிய மைல் காட்டும் பலகை, எல்லாவற்றையும் கழுவிய பிறகு நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். அவர்கள் சுற்றிப் பார்த்து எழுதும் தாளில் ஏற்கெனவே உள்ள கீறல், சொட்டை ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று நீங்களும் கூடவே நடந்து பாருங்கள், இல்லாததை எழுதினால் அங்கேயே சொல்லுங்கள். என் வண்டி வந்து சேர்ந்தபோது பின் பம்பரில் ஒரு முழ நீளத்துக்குப் புதுக் கீறல் இருந்தது. போனில் இருந்த படத்தைக் காட்டினேன், அன்றே இழப்பீட்டுத் தாளில் ஏற்றிக்கொண்டார்கள். சாவி கிடைத்த மகிழ்ச்சியில் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வெளியே போய்விட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

இன்ஷூரன்ஸை மறக்காதீர்கள். இங்கே உள்ள பாலிசி அங்கே செல்லாது. வெளிநாட்டு ராணுவத்தினருக்கு பாலிசி தரும் நிறுவனத்திடம் ஜெர்மனிக்கென்று எடுத்து, அதற்கான அத்தாட்சியோடு போனால்தான் பதிவு நடக்கும்.

வேறு நாட்டுக்கு ஆர்டர் வந்தவர்கள் இதையே அப்படியே பின்பற்றவேண்டாம். ஜப்பான் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. 1976 மார்ச்சுக்குப் பிறகு செய்த வண்டிகள் ஜப்பானியத் தரத்தில் இருந்தாலொழிய உள்ளே போகாது. அதனால் ராணுவமே உங்கள் வண்டியைத் தன் செலவில் நிறுத்திவைக்கும். நான் அப்படி வைத்துவிட்டுப் போய், அங்கே 660 சிசி குட்டி வண்டி ஒன்றை, இரண்டு வருடச் சோதனைச் சான்று பாக்கி இருப்பதாகப் பார்த்து வாங்கினேன். சான்று முடியப்போகும் வண்டி மலிவாகக் கிடைக்கும், ஏமாறவேண்டாம். புதுப்பிக்கும் செலவு வண்டி விலைக்கு நெருங்கி வரலாம். இடப்பக்க ஓட்டம் என்பதால் ஊரில் ஓட்டிப் பழகிய எனக்கு இரண்டே நாளில் கை வந்துவிட்டது, என்னோடு வந்த அமெரிக்க நண்பர்கள் ஒரு மாதம் வைப்பரைப் போட்டுக்கொண்டே திரும்பினார்கள். பிரிட்டனில் உங்கள் காரை அனுமதிப்பார்கள், ஆனால் ஸ்டியரிங் தவறான பக்கம் இருக்கும், முன்னால் போகும் லாரியைத் தாண்டுவது ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான். நான் அங்கே வாங்கச் சொல்வேன். இத்தாலியில் நேபிள்ஸ் என்றால் நல்ல காரை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஹவாய், குவாம், அலாஸ்கா மூன்றும் ராணுவக் கணக்கில் கடல்கடந்த இடம்தான், விதி எல்லாம் அமெரிக்க விதி, உங்கள் வண்டியையே கொண்டுபோங்கள்.

கணவன் மனைவி இருவரும் ராணுவத்தில் இருந்து இருவருக்கும் ஆர்டர் இருந்தால் இரண்டு வண்டி அனுப்பலாம். உங்கள் வீட்டில் ஒருவர்தான் என்பதால் ஒன்றுதான்.

ஒரு மகிழ்ச்சியான விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஹாம் நகரில் ஈழத்தமிழர் கட்டிய காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது, 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனம் வரும். கிராஃபென்வோரிலிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். நாங்கள் எங்கள் காரில் விடியற்காலை கிளம்பிப் போய்விட்டு, பின் சீட் நிறைய முருங்கைக்காயும் கறிவேப்பிலையுமாகத் திரும்புவோம். அந்தப் பயணத்துக்குக் கேம்ரி போன்ற ஒரு வண்டி போதும், தாராளமாகப் போதும்.

இன்றிரவு செய்யவேண்டியது இரண்டு. கேம்ரியின் சேசிஸ் எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டு ரீகால் பாருங்கள். பிக்கப்பின் கடனை இந்த மாதமே முழுதாக முடிக்க எவ்வளவு ஆகும் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். குழந்தையின் சீட்டை மட்டும் காரோடு அனுப்பிவிடாதீர்கள், அனுமதி உண்டு என்றாலும். விமானத்திலேயே கையோடு கொண்டுபோங்கள், இறங்கிய முதல் மணி நேரத்திலேயே அது தேவைப்படும்.